மெயில்பாக்ஸ் கம்பத்துக்கு கான்கிரீட் போடலாமா? (வட கரோலினா)

கொங்குக்காளை

வணக்கம் மக்களே. வீடு ராலேக்குத் தெற்கே, ஊருக்கு வெளியே. இருவழிச் சாலை, வேக வரம்பு 45 மைல், கர்ப் (சாலை விளிம்பில் உயர்த்திக் கட்டும் கான்கிரீட் வரம்பு) கிடையாது. தார் முடிந்ததும் புல், அப்புறம் பள்ளம். சனிக்கிழமை ராத்திரி மறுபடியும் எவனோ காரில் போகிற போக்கில் மெயில்பாக்ஸை நொறுக்கிவிட்டுப் போயிருக்கிறான். பேஸ்பால் மட்டை வேலைதான். தகரம் ஒரு பக்கம் உள்வாங்கி, கதவு தனியாகப் புல்லில் கிடந்தது. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதே கதை.

பொறுத்தது போதும். 6 இன்ச் ஸ்டீல் பைப், மூன்றரை அடிக் குழி, பைப்புக்கு உள்ளேயும் சுற்றியும் கான்கிரீட், மேலே கால் இன்ச் தகட்டில் வெல்டிங் செய்த பெட்டி. வெல்டர் நண்பர் ஒருவர் தயாராக இருக்கிறார். அடுத்த தடவை மட்டையை வீசுகிறவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி போகட்டும். யாராவது இப்படிக் கட்டியிருக்கிறீர்களா? கான்கிரீட் எத்தனை மூட்டை ஆகும்?

டெக்சாஸ்_தாத்தா

தம்பி, பைப்பெல்லாம் எதுக்கு? எங்கள் காலனியில் எல்லா வீட்டு வாசலிலும் செங்கல் தூண்தான். வீட்டுச் சுவருக்கு வைத்த அதே செங்கல், நடுவில் பெட்டி, மேலே கல் மூடி. பார்க்கவும் லட்சணம், மட்டையும் உடையும். மேஸ்திரி ஒரே நாளில் முடித்துவிடுவார்.

சாலைக்காரன்

கொங்குக்காளை, மூட்டைக் கணக்குக்குப் போகிற முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். நெடுஞ்சாலை வடிவமைப்புதான் என் பிழைப்பு.

நீங்கள் சொல்கிற 6 இன்ச் பைப் அந்தப் பையன்களை எதுவும் செய்யாது. மட்டை படுவது பெட்டியில், கம்பத்தில் இல்லை. கம்பத்தில் மோதப் போகிறவர் வேறு ஆள்: மழையில் வழுக்கினவர், மான் குறுக்கே வந்ததால் ஸ்டியரிங்கை ஒடித்தவர், ராத்திரி ஷிப்ட் முடிந்து கண் சொக்கினவர். 45 மைல் வேகத்தில் வரும் கார் வளையாத பைப்பில் மோதினால் இரண்டில் ஒன்று நடக்கும். வண்டி அங்கேயே நின்று, அந்த வேகம் முழுவதையும் உள்ளே இருப்பவர் உடம்பு வாங்கும். இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் தட்டி வண்டி உருளும்.

தபால் துறை சொல்வது 4 இன்ச்சுக்கு 4 இன்ச் மரக்கம்பம், அல்லது 2 இன்ச் விட்டமுள்ள சாதாரண ஸ்டீல் பைப் அல்லது அலுமினிய பைப். மண்ணுக்குள் 24 இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது. கான்கிரீட் கம்பம், கனமான பைப், கான்கிரீட் நிரப்பிய பால் கேன் மாதிரி பழைய பண்ணைச் சாமான் எல்லாம் வேண்டாம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். 24 இன்ச் என்பது கம்பம் நிற்பதற்கான கணக்கு மட்டும் இல்லை, விழுவதற்கான கணக்கும்தான். அந்த ஆழத்தில் மண் இளகிக் கொடுக்கும், மரம் முறியும் அல்லது சாயும், கார் அதன்மேல் ஏறிப் போய்விடும்.

மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் கூட்டமைப்பான ஆஷ்டோ 1984இலேயே இதற்கென்று தனி வழிகாட்டி போட்டது. இப்போது அவர்களுடைய சாலையோர வடிவமைப்பு நூலில் ஒரு அத்தியாயம் முழுக்க மெயில்பாக்ஸ்தான். கான்கிரீட்டில் பதிக்க வேண்டுமென்றால் மோதல் சோதனையில் தேறிய வடிவமாக இருக்க வேண்டும் என்கிறது. வீட்டில் வெல்டிங் செய்த பைப்புக்கு அந்தச் சோதனை யார் செய்திருக்கிறார்கள்?

கொங்குக்காளை

சார், சொல்வது புரிகிறது. ஆனால் ஒரு நியாயம் கேட்கிறேன். என் வீட்டுக்கு நாற்பது அடி தள்ளி ஒரு ஓக் மரம் நிற்கிறது, இரண்டு பேர் கட்டிப்பிடிக்க வேண்டும். பக்கத்தில் மின்கம்பம். அதில் மோதினால் மட்டும் காருக்கு வலிக்காதா? அதை எவனும் வெட்டச் சொல்லவில்லை. என் வீட்டு முன்னால் என் காசில் ஒரு பைப் நட்டால் மட்டும் உலகத்துச் சட்டமெல்லாம் வருகிறது.

சாலைக்காரன்

நியாயமான கேள்வி. ஓக் மரமும் ஆபத்துதான். புதுச் சாலை போடும்போது ஓரத்தில் இவ்வளவு அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று பார்த்து, முடிந்தால் மரத்தை எடுப்போம், முடியாவிட்டால் தடுப்பு வேலி போடுவோம். வேக வரம்புப் பலகை நிற்கிற கம்பத்தின் அடியைப் பார்த்திருக்கிறீர்களா? தரையை ஒட்டி போல்ட் போட்ட இணைப்பு இருக்கும், அல்லது துளை போட்டு பலவீனப்படுத்தியிருப்பார்கள். அடித்தால் முறியட்டும் என்றே செய்தது.

மெயில்பாக்ஸ் விஷயத்தில் சிக்கல் வேறு. சாலையோரத்தில் நிற்கிற அத்தனை பொருளிலும் ஓடுகிற வண்டிக்கு மிக நெருக்கமாக இருப்பது இதுதான். கர்ப் இருந்தால் அதிலிருந்து 6 முதல் 8 இன்ச் தள்ளிப் பெட்டியின் கதவு. மின்கம்பத்தைப் பத்தடி பின்னால் தள்ளலாம், மெயில்பாக்ஸைத் தள்ள முடியாது, வண்டியில் உட்கார்ந்தபடியே தபால் போடுகிற கேரியர் கை எட்டாது. தள்ள முடியாத பொருளை வளைகிற பொருளாக வைப்பது தவிர வேறு வழி இல்லை.

அப்புறம், “என் வீட்டு முன்னால்” என்றீர்கள். கம்பம் நிற்கிற அந்தப் புல் பெரும்பாலும் ரைட் ஆஃப் வே, அதாவது சாலைக்கென்று ஒதுக்கிய நிலம். வட கரோலினாவில் கவுண்டி (மாவட்டம் மாதிரி) சாலை என்றே ஒன்று கிடையாது, நகர எல்லைக்கு வெளியே இருக்கும் பொதுச் சாலை அநேகமாக மாநிலத்துடையது. புல் வெட்டுவது நீங்கள், உரிமை அவர்களுக்கு. ஆபத்தான கம்பத்தை எடுக்கச் சொல்ல அவர்களால் முடியும்.

கேஸ்கட்டு

சட்டப் பக்கம் கொஞ்சம். நான் உங்கள் வக்கீல் இல்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

கிட்டத்தட்ட இதே கதை ஓஹையோ உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹ்யூரான் கவுண்டியில் ஒரு வீட்டுக்காரர், பெட்டியை அடிக்கடி உடைத்தார்கள் என்று 8 இன்ச் உலோக பைப்பை 36 இன்ச் ஆழத்தில் நட்டார். 2016 டிசம்பரில் காலை நேரம், சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம். ஒருவருடைய பிக்கப் வழுக்கிப் போய் அந்தப் பெட்டியில் மோதியது. பைப் அசையவில்லை, வண்டி உருண்டது. ஓட்டியவருக்குக் கை கால் நான்கும் செயலிழந்துவிட்டன. 2021 நவம்பரில் தீர்ப்பு வந்தது: சாலையை விட்டு விலகி வந்து மோதுகிறவருக்கு நிலத்துக்காரர் பொறுப்பில்லை, தபால் துறை சொல்வது வழிகாட்டிதான், கட்டாயச் சட்டம் இல்லை.

கொங்குக்காளை

பார்த்தீர்களா! வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டாரே.

கேஸ்கட்டு

ஜெயித்தார். விபத்து நடந்து ஏறக்குறைய ஐந்து வருஷம் கழித்து. நடுவில் வக்கீல், வாக்குமூலம், மேல்முறையீடு. அது ஓஹையோ தீர்ப்பு, வட கரோலினா நீதிபதியை அது கட்டுப்படுத்தாது. உங்கள் மாநிலத்தில் சட்டம் எப்படி என்று உள்ளூர் வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. “கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி போகட்டும்” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அழித்துவிடுவது நல்லது, நிஜமாகச் சொல்கிறேன். 1971இல் அயோவாவில் ஒரு வழக்கு, சட்டக் கல்லூரியில் முதல் வருஷமே படிக்க வைப்பார்கள். ஆள் இல்லாத பண்ணை வீட்டில் திருட்டு நடக்கிறது என்று கதவைத் திறந்தால் வெடிக்கிற மாதிரி துப்பாக்கியைக் கட்டி வைத்தார்கள். திருட வந்தவன் காலில் குண்டு பாய்ந்தது. திருடனுக்கே நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. மெயில்பாக்ஸ் துப்பாக்கி இல்லைதான். ஆனால் காயப்படுத்தத்தான் கட்டினேன் என்று நீங்களே எழுதி வைத்திருந்தால், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் வாசிக்கும்.

பையன்கள் செய்வது சின்னக் குறும்பு என்றும் நினைக்காதீர்கள். மெயில்பாக்ஸை உடைப்பது கூட்டாட்சிக் குற்றம், மூன்று வருஷம் வரை சிறை போகலாம். தபால் புலனாய்வுப் பிரிவில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். வரிசையில் எல்லா வீடும் சேர்ந்து கொடுங்கள்.

புளிச்சோறு

தலைப்புக்குக் கொஞ்சம் விலகி ஒரு தகவல். தபால்தலை ஒட்டாத எதையும் அடுத்தவர் மெயில்பாக்ஸில் போடுவதும் குற்றம்தான், அபராதம் உண்டு. 1934 சட்டம். ஒரு குடியிருப்போர் அமைப்பு இதை எதிர்த்துப் போய் 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. நவராத்திரி வந்தால் எங்கள் தெருவில் கொலு அழைப்பிதழை எல்லாம் வரிசையாகப் பெட்டிக்குள் செருகிக்கொண்டே போவார்கள். கதவில் செருகுங்கள் என்று வருஷா வருஷம் சொல்லி வாய் வலித்துவிட்டது.

ரூரல்ரூட்_ரேவதி

நான் கிராமப்புற ரூட்டில் தபால் போடுகிறவள். இதுவரை சாலை, கோர்ட் என்று பேசினீர்கள், பெட்டியைத் திறக்கிற கையைப் பற்றி யாரும் பேசவில்லை.

தபால் வண்டியில் ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும், உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகப் போடத்தான். என் மாதிரி கிராம ரூட்காரர்களில் பலர் சொந்தக் காரில்தான் ஓட்டுகிறோம். இடது பக்க ஸ்டியரிங் கார் என்றால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, இடது கையால் ஓட்டி, வலது கையால் பெட்டியைத் திறக்க வேண்டும். சாலை மட்டத்திலிருந்து 41 முதல் 45 இன்ச் உயரம் என்று கேட்பது இதற்காகத்தான். அளவை சாலையின் மேற்பரப்பிலிருந்து எடுங்கள், உங்கள் புல்லிலிருந்து எடுக்காதீர்கள். பள்ளத்துப் பக்கம் நிலம் ஒரு அடி தாழ்ந்திருந்தால் கம்பம் ஒரு அடி கூடுதலாக வேண்டும். நிறைய பேர் புல்லிலிருந்து அளந்து நட்டுவிடுகிறார்கள், நான் தினமும் குனிந்து கடவுளைக் கும்பிட்டபடிதான் கடிதம் போடுகிறேன்.

எடுத்துப்போகக் கடிதம் இருக்கிறது என்று காட்ட நீங்கள் தூக்கி வைக்கிற கொடி வலது பக்கம், அதாவது சாலையிலிருந்து பெட்டியைப் பார்த்தால் வலது. வீட்டு எண் குறைந்தது 1 இன்ச் உயரம். பூட்டு வைத்த பெட்டி வாங்கலாம், ஆனால் சாவி எங்களிடம் தரக் கூடாது, நாங்கள் வாங்கவும் மாட்டோம். கடிதம் செருகும் வாய் 1.75 இன்ச்சாவது இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பெட்டியில் தபால் துறைத் தலைவரின் ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெல்டரிடம் செய்வதென்றால் உங்கள் ஊர் போஸ்ட்மாஸ்டரிடம் முதலிலேயே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

அப்புறம் குளவி. கம்பத்துக் கை பெட்டியோடு சேருகிற இடுக்கில்தான் கூடு கட்டும். மாதம் ஒரு தடவையாவது அந்த இடத்தைக் குனிந்து பாருங்கள், புண்ணியமாகப் போகும்.

டெக்சாஸ்_தாத்தா

அந்தக் காலத்தில் இத்தனை விதி இருந்ததா அம்மா?

ரூரல்ரூட்_ரேவதி

விதி இல்லாமல் இருந்ததால்தான் விதி வந்தது ஐயா. 1896இல் மேற்கு வர்ஜீனியாவில் கிராமங்களுக்கு இலவசமாக வீடு தேடித் தபால் தரும் வழக்கத்தைச் சோதனையாகத் தொடங்கினார்கள். விவசாயிகள் கையில் கிடைத்ததை எல்லாம் கம்பத்தில் மாட்டினார்கள்: பன்றிக் கொழுப்பு வந்த வாளி, பாகு டின், சோப்புப் பெட்டி. மழை பெய்தால் கடிதம் கூழ். இன்றைக்கு எங்கு பார்த்தாலும் நிற்கிற, மேலே வளைந்து அடியில் தட்டையாக இருக்கும் பெட்டி 1915இல் வந்தது. தபால் துறைப் பொறியாளர் ராய் ஜோரல்மன் வடிவமைத்தது. வளைந்த முதுகில் தண்ணீரும் பனியும் தங்காது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் பெரிதாக மாற்றத் தேவைப்படவில்லை.

பத்தாயிரம்ஏரி

மினசோட்டாவிலிருந்து. எங்களுக்கு மட்டைப் பையன்களைவிடப் பெரிய எதிரி ஸ்னோ ப்ளோ, சாலைப் பனியைப் பிளேடால் ஒதுக்கிக்கொண்டு போகிற வண்டி. பிளேடு நேராகப் படுவது அபூர்வம். வேகமாக வரும்போது ஈரப் பனியை அலை மாதிரி வீசும், அந்தப் பாரமே பெட்டியைப் பிடுங்கிவிடும். எங்கள் ஊரில் பிளேடு பட்டால்தான் நஷ்டம் தருவார்கள். பனி தள்ளி விழுந்தால் “உங்கள் கம்பம் பலவீனம்” என்று பதில் வரும்.

இங்கே நிறைய பேர் வைத்திருப்பது சுழலும் கை. கம்பம் நன்றாகப் பின்னால் தள்ளி நிற்கும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய் சாலை பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், பெட்டி அதன் நுனியில். பனியோ காரோ தள்ளினால் கை பக்கவாட்டில் சுழன்று விலகி, பிறகு தன் எடையாலேயே பழைய இடத்துக்கு வந்துவிடும். கொங்குக்காளை, உங்களுக்குப் பனி குறைவு, ஆனால் மட்டை அடிக்கும் இது உதவும். தள்ளினால் விலகுகிற பொருளை உடைப்பது கஷ்டம். கூடவே தடிமனான பிளாஸ்டிக் பெட்டி. அடி வாங்கினால் குழி விழும், உள்ளிருந்து கையால் தள்ளினால் ஓரளவு நிமிர்ந்துவிடும்.

கொங்குக்காளை

சரி, கான்கிரீட் பைப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் வெல்டிங் பெட்டியை மட்டும் 4க்கு 4 மரக்கம்பத்தின்மேல் வைத்தால்? கம்பம் வளையும், பெட்டி உடையாது. இரண்டு பேருக்கும் நல்லது.

சாலைக்காரன்

அது இன்னும் மோசம். ஒரு நிமிஷம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். காரின் பம்பர் கம்பத்தை முழங்கால் உயரத்தில் அடிக்கிறது. கம்பம் முறிகிறது. மேலே இருந்த பெட்டி அதே இடத்தில் அந்தரத்தில் நிற்கிறது, கார் அதன் அடியில் புகுந்து போகிறது. 41 இன்ச்சுக்கு மேலே என்ன இருக்கிறது? சாதாரண காரில் பானெட் முடிந்து கண்ணாடி தொடங்குகிற இடம். மெல்லிய தகரப் பெட்டி என்றால் கண்ணாடி விரிசலோடு போகும். முப்பது கிலோ இரும்பு என்றால் ஓட்டுகிறவர் மடியில்.

பெட்டி லேசாக இருக்க வேண்டும், கம்பத்தோடு நன்றாக இணைந்தும் இருக்க வேண்டும், பிய்ந்து பறக்கக் கூடாது. சின்னப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து இடையில் கான்கிரீட் ஊற்றுகிற வீடியோ ஒன்று சுற்றுகிறது, அதையும் மறந்துவிடுங்கள்.

தாத்தா, உங்கள் செங்கல் தூணுக்கும் இதே பதில்தான். காலனிக்குள் 25 மைல் வேகத்தில் ஓடுகிற தெரு, நகராட்சி அனுமதி என்றால் அவர்கள் பாடு. 45 மைல் மாநிலச் சாலையில் நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

டெக்சாஸ்_தாத்தா

அனுமதி வாங்கித்தான் கட்டினோம். இருந்தாலும் பேரன் லைசென்ஸ் எடுத்திருக்கிறான், அந்தத் தூணை ரிவர்ஸில் எப்படிப் பார்க்கிறானோ என்று எனக்கே பயம்தான்.

கொங்குக்காளை

சரி சார், தோற்றேன். மரக்கம்பம்தான். எப்படி நடுவது, அதையாவது முழுசாகச் சொல்லுங்கள்.

சாலைக்காரன்

முதலில் 811க்கு அழையுங்கள். சில வேலை நாளில் வந்து கேஸ், கேபிள், தண்ணீர்க் குழாய் போகிற இடத்தில் வண்ணக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள், காசு கிடையாது. சாலையோரம் என்பது கேபிள்காரர்களின் ராஜ்ஜியம், குருட்டாம்போக்கில் தோண்டாதீர்கள். கர்ப் இல்லாத சாலை என்பதால் எவ்வளவு தள்ளி நடுவது என்று போஸ்ட்மாஸ்டரிடமே கேளுங்கள், அவருடைய கேரியர் வண்டி தார் விளிம்பில் எங்கே நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

கடையில் மண்ணில் பதிக்கலாம் என்று குறியிட்ட பிரஷர் ட்ரீட்டட் மரம் (உளுத்துப்போகாமல் இருக்க மருந்து ஏற்றியது) கேளுங்கள். 4க்கு 4 என்று பெயர்தான், அளந்தால் மூன்றரைக்கு மூன்றரை இருக்கும், அது சரியே. 8 அடித் துண்டு வாங்கினால் பள்ளத்துப் பக்கத்துக்கும் போதும், மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம். 24 இன்ச் குழியில் அடியில் ஒரு கை ஜல்லி, தண்ணீர் இறங்க. கம்பத்தை நிறுத்தி, மண்ணை நாலு விரல் கனத்துக்குப் போட்டு, கடப்பாரையின் மொட்டை முனையால் இடித்து, அப்புறம் அடுத்த அடுக்கு. ஒரேயடியாகக் கொட்டிக் காலால் மிதித்தால் ஒரு மழைக்கே ஆடும். இப்படி இடித்து நட்டால் கான்கிரீட் இல்லாமலே அசையாது.

பெட்டியின் அடியில் ஒரு பலகை வரும், பெட்டியின் விளிம்பு மடிப்புக்குள் உட்காரும் அளவுக்கு அறுத்தது. அதை முன் விளிம்பு வரை இழுக்காதீர்கள். கதவு திறந்தால் கீழே தொங்கும், பலகை முன்னால் இருந்தால் தட்டும், பாதிதான் திறக்கும். திருகாணியைப் பக்கவாட்டிலிருந்து பலகைக்குள் போடுங்கள், இரண்டு பக்கமும்.

வைகைக்கரை

தொடர்ந்து படிக்கிறேன், ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் நாலு வீட்டுப் பெட்டியும் சாலைக்கு ஒரே ஓரத்தில்தான். இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே நீளப் பலகை போட்டு, நாலு பெட்டியையும் வரிசையாக வைத்தால் செலவு மிச்சம். கிராமத்துச் சாலைகளில் அப்படிப் பார்த்திருக்கிறேனே?

சாலைக்காரன்

பார்த்திருப்பீர்கள், பழையவை இன்னும் நிற்கின்றன. அந்தக் குறுக்குப் பலகைதான் இருப்பதிலேயே பயங்கரம். கம்பம் முறிந்ததும் பலகை ஈட்டி மாதிரி கண்ணாடி உயரத்தில் நேராக உள்ளே வரும். நாலு பெட்டிக்கும் நாலு தனிக் கம்பம் வையுங்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே, தரைக்கு மேல் இருக்கிற கம்ப உயரத்தில் முக்கால் பங்காவது இடைவெளி விட வேண்டும். 44 இன்ச் உயரம் என்றால் 33 இன்ச். ஒன்று சாய்ந்தால் அடுத்ததைத் தள்ளாமல் விழ இடம் வேண்டும், அவ்வளவுதான். நேரத்தோடு முடிப்பதென்றால் மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மூன்றாவது முழு வாரம் தபால் துறையின் மெயில்பாக்ஸ் சீரமைப்பு வாரம், சாய்ந்ததையும் துருப்பிடித்ததையும் சரி செய்யச் சொல்லிக் கேரியரே சீட்டு வைத்துவிட்டுப் போகலாம்.

ரூரல்ரூட்_ரேவதி

சீட்டு வைப்பேன், என் ரூட்டில் இருந்தால். நாலு வீட்டுக்காரரும் கம்பத்தை மாற்றுகிற நாளை முன்கூட்டியே போஸ்ட் ஆபீசில் சொல்லிவிடுங்கள். கம்பம் இல்லாத இடத்தில் கடிதத்தைத் தரையில் வைக்க மாட்டோம், திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.